ஊமைப்படத்துக்கு நாங்கள் வாசித்தது

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து வாசிக்கும், ஆமை வேகத்தில் கனமாக நகரும் மேற்கத்திய இசைக்கு டூம் மெட்டல் என்று பெயர். பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களிலும் அதை வாசிக்கும் குழு, எனக்குத் தெரிந்து, எங்களுடையது ஒன்றுதான். இதைச் சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை வந்துவிடுகிறது. வரட்டும். ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளை இதற்குக் கொடுத்திருக்கிறோம்.

டிரம்ஸ் வாசிப்பது என் அண்ணன். மற்ற நாட்களில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திலிருந்து சிமெண்ட் ஆலைக்கு டிப்பர் லாரி ஓட்டுகிறார். கிடார் வாசிப்பவன் அண்ணனின் நண்பன், அரியலூரில் ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறான். என்னைவிட நான்கு வயது சின்னவன், என்னை அக்கா என்பான். நான் கீபோர்டு வாசித்துக்கொண்டே பாடுகிறேன். கீழ்ச்சுரங்களுக்கான பேஸ் கிடாருக்கு ஆள் அமையாததால் அந்தக் கனத்தையும் என் இடது கைதான் தாங்குகிறது. பிழைப்புக்குப் பெரம்பலூரில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட் வேலை.

ஆரம்பித்துவைத்தவன் கிடார்காரன்தான். காதுகுத்துப் பேனருக்குப் புதுமாதிரி எழுத்து தேடி இணையத்தில் அலைந்தவன், பழைய ஐரோப்பியப் பேய்ப்படங்களின் போஸ்டர்களில் போய் மாட்டிக்கொண்டான். போஸ்டரிலிருந்து படங்களுக்குப் போனான். அந்தப் படங்களைப் பார்த்துப் பயந்து வளர்ந்தவர்கள் பிற்பாடு வாசித்த இசை, அங்கிருந்து அவன் காதில் விழுந்தது. ஒரு ஞாயிறு மதியம் எங்கள் இருவரையும் கடைக்கு வரச்சொல்லி, பேனர் டிசைன் செய்யும் பெரிய கம்ப்யூட்டர் திரையில் ஒரு படம் போட்டுக்காட்டினான். கறுப்பு வெள்ளை. பாழடைந்த மாளிகை, நீளமான நடைவழி, கோடியில் ஒரு கதவு. அந்தக் கதவு திறக்கவே ஒரு நிமிடம் ஆனது. அண்ணன் கொட்டாவி விடுவார் என்று நினைத்தேன். அவர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார்.

"நம்ம படத்துல பேய் ஓடி வரும் அக்கா. இதுல நடந்து வருது பாருங்க" என்றான் கிடார்காரன். "ஓடி வந்தா நாமளும் ஓடிரலாம். நடந்து வந்தா என்ன பண்ணுவீங்க?"

பிறகு அந்த இசையைப் போட்டான். தந்திகளைத் தளர்த்திச் சுருதியைக் கீழே இறக்கிய கிடார், ஒரே ஒரு சுரத்தை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றது. டிரம்ஸ் எப்போதோ ஒருமுறை விழுந்தது. அடியில் தேவாலய ஆர்கன் போல ஏதோ ஒன்று முனகியது. எனக்கு அந்த ஆர்கனை அடையாளம் தெரிந்தது. விடுதியில் தங்கிப் படித்தபோது, ஜெபத்துக்கு வாசிக்க ஆள் வேண்டும் என்று ஒரு சிஸ்டர் எனக்கு ஆர்மோனியமும் கீபோர்டும் சொல்லிக்கொடுத்திருந்தார். அதே சுரங்களைத்தான் நானும் வாசித்திருந்தேன். இவ்வளவு பயமாக வாசிக்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

பேனர் கடைக்குப் பின்னால் இருந்த குடோன்தான் எங்கள் பயிற்சி இடம். சுற்றிலும் ஃபிளெக்ஸ் சுருள்கள் அடுக்கியிருந்ததால் சத்தம் வெளியே அதிகம் போகாது. மை நாற்றம் மட்டும் தலையைப் பிடிக்கும். பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் முதல் மாதம் ஒருநாள் எட்டிப் பார்த்தார். இருபது நிமிடமாக வாசித்துக்கொண்டிருந்தோம். பொறுமையாக நின்றுவிட்டு, "செட் பண்ணி முடிச்சுட்டீங்களா? பாட்டு எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார்.

இந்த இசையில் கடினமானது சத்தமோ வேகமோ இல்லை. நிதானம்தான். அண்ணன் கல்யாண லைட் மியூசிக் குழு ஒன்றில் இரண்டு வருடம் வாசித்தவர். அவர் கைக்குக் குத்துப்பாட்டுதான் பழக்கம். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் கை சும்மா இருக்க வேண்டும் என்பதை அவரால் தாங்கவே முடியவில்லை. இடைவெளியைக் கண்டால் எதையாவது கொண்டுபோய் நிரப்பிவிடுவார். கிடார்காரன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிடுவான். பல மாதம் இப்படியே போனது. பிறகு ஒரு ஞாயிறு, யாரும் எதுவும் சொல்லாமலே, அண்ணன் சரியாக வாசித்தார். அடி விழுந்தது. நாங்கள் காத்திருந்தோம். இனி வராது என்று நினைக்கும் நேரத்தில் அடுத்த அடி விழுந்தது.

"எப்படிண்ணே?" என்று கேட்டேன்.

"லோடு ஏத்திக்கிட்டு மேட்டுல ஏர்ற மாதிரி நெனச்சுக்கிட்டேன் பாப்பா. கியர மாத்த அவசரப்பட்டா வண்டி நின்னுரும்."

பாட்டுகளை நான் எழுதினேன். முதலில் எழுதியவற்றில் மாளிகையும் பனியும் ஓநாயும் இருந்தன. பாடிப் பார்த்தால் எனக்கே ஒட்டவில்லை. பிறகு, படத்தில் வரும் பொருளை விட்டுவிட்டு அதில் வரும் பயத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். பூட்டிய அறையில் விளக்கு எரிவது. செத்தவர் பேரைச் சொல்லி யாரோ போனில் கேட்பது. அந்தப் பாட்டுகள் நிலைத்தன. ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஓடும். எட்டுப் பாட்டுகள் சேர்ந்த பிறகு, குடோனில் வாசித்த ஒன்றை வீடியோ எடுத்து இணையத்தில் போட்டோம். தெரிந்தவர்கள் சிரித்தார்கள். தெரியாத சிலர் எங்கெங்கிருந்தோ நல்லவிதமாக எழுதினார்கள்.

அந்த வீடியோவைப் பார்த்துத்தான் சென்னையிலிருந்து ஒருவர் காரில் வந்தார். பெரிய இசைவிழாக்கள் நடத்துபவர். குடோனில் பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து இரண்டு பாட்டுகளை முழுதாகக் கேட்டார். நடுவில் ஒருமுறைகூடப் போனை எடுக்கவில்லை, அதற்காக அவரை எனக்குப் பிடித்திருந்தது. முடிந்ததும் கைதட்டினார்.

"சூப்பரா இருக்கு. ஆனா இது வெளிநாட்டுக்காரன் பண்றதுதானே? உங்களுதுன்னு என்ன இருக்கு? நீங்க இந்த மண்ணுக்காரங்க. டிரம்ஸுக்குப் பதிலா பறை வைங்க. பாப்பா ஒப்பாரி மாதிரி பாடட்டும். கறுப்பு வேட்டி, மூஞ்சில திருநீறு. மெயின் ஸ்டேஜே தரேன்."

கிடார்காரனின் முகம் மலர்ந்தது. அதை நான் தப்பாகச் சொல்ல மாட்டேன். மெயின் ஸ்டேஜ் என்ற சொல் எனக்குள்ளும் ஒரு நொடி எதையோ செய்தது. அண்ணன் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"யோசிச்சுச் சொல்றோம் சார்" என்று மட்டும் சொன்னார்.

கார் போன பிறகு கிடார்காரன் குடோனுக்குள் இங்கும் அங்கும் நடந்தான். "ஒரு பாட்டுக்குத்தானேண்ணே. ஒரே ஒரு பாட்டுக்கு வெச்சுக்குவோம். மீதிய நம்ம மாதிரி வாசிப்போம்."

அண்ணன் அவனை உட்காரச் சொன்னார். எங்கள் வீட்டுக் கதையை அன்றுதான் அவனிடம் முதன்முதலாகச் சொன்னார்.

எங்கள் அப்பாவின் சொந்த ஊர் விக்கிரமங்கலம் பக்கம். எங்கள் தெருவுக்கு அங்கே நிலம் கிடையாது. ஊரில் சாவு விழுந்தால் தாத்தா போய்ப் பறை அடிக்க வேண்டும். கூப்பிட்டால் போக வேண்டும், மாட்டேன் என்று சொல்வதற்கு அங்கே வழி இல்லை. தாத்தா காய்ச்சலில் படுத்திருந்த நாளில் ஒரு பெரிய வீட்டில் சாவு. அப்பாவுக்கு அப்போது பதினாலு வயது. அவரை வந்து அடிக்கச் சொன்னார்கள். அப்பா மாட்டேன் என்றார். காரணம் கேட்டதற்கும் மாட்டேன் என்றே சொன்னார். மறுநாளிலிருந்து எங்கள் வீட்டு ஆட்களுக்கு யார் வயலிலும் வேலை இல்லை. அப்பா கிளம்பி எறையூருக்கு வந்து கரும்பு வெட்டினார். பிறகு சர்க்கரை ஆலையில் சீசன் வேலை கிடைத்து, அங்கேயே எங்களை வளர்த்து, இரண்டு பேரையும் படிக்கவைத்தார்.

"நான் டிரம்ஸ் வாங்கிட்டேன்னு சொன்னப்ப, எங்கப்பா ஒண்ணுதான் சொன்னாரு. வூட்டுக்குள்ள கொண்டாராதன்னாரு" என்றார் அண்ணன். "அதான் இங்க கெடக்கு. ஆறு வருசத்துல ஒரு நாள் வந்து பாத்தது கெடையாது. எனக்குப் பறை மேல எந்தக் கோவமும் இல்ல தம்பி. எங்க தெருவுலயே இப்ப அருமையா அடிக்கிற பொண்ணுங்க இருக்காங்க. ஆசப்பட்டுக் கத்துக்கிட்டு அடிக்கிறாங்க. நான் ஆசப்பட்டது இத. இன்னொருத்தர் வந்து உனக்கு அதுதான் பொருத்தம்னா, எங்கப்பா எதுக்கு ஊர விட்டு வந்தாரு?"

கிடார்காரனின் குடும்பம் நிலபுலன் உள்ள குடும்பம். அவன் ஊரும் அந்தப் பக்கம்தான்.

"எங்க தாத்தா வூட்டுச் சாவுக்கும் யாரையாச்சும் இப்படிக் கூப்புட்டுத்தான் இருப்பாங்க இல்லண்ணே" என்றான்.

அவன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். பஞ்சர் கடை வாசலில் நின்றுகொண்டு சென்னைக்காரரிடம் பேசியது எங்களுக்குக் கேட்டது. "இல்ல சார். நாங்க இதைத்தான் வாசிப்போம். பறை வேணும்னா நல்ல குழு ஒண்ணு சொல்றேன், நம்பர் தரட்டுமா?" மரியாதையாகத்தான் பேசினான். உள்ளே வந்து கிடாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டினான். "போச்சு" என்றான். பிறகு மூன்று பேரும் சிரித்துவிட்டோம்.

ஆனால் அது உள்ளே குடைந்துகொண்டேதான் இருந்தது. யாராவது கூப்பிட்டு மேடை கொடுத்தால்தான் வாசிக்க வேண்டுமா என்று நான்தான் கேட்டேன். மருந்துக்கடைக்கு வரும் ஒரு மண்டப மேனேஜர், ஆடி மாதம் வந்தால் கல்யாணம் இல்லாமல் மண்டபத்தில் புறாதான் குடியிருக்கும் என்று புலம்பிக்கொண்டிருந்தார். கிடார்காரனிடம் சொன்னேன். அவன் இன்னொன்றைச் சேர்த்தான். நூறு வருடத்துக்கு முந்தைய ஊமைப்படம் ஒன்றைத் திரையில் ஓடவிட்டு, அதற்கு நாங்கள் மேடையில் நேரடியாக வாசிப்பது. படத்தில் ஒரு மருத்துவரின் மனைவி ஆற்றில் மூழ்கிச் சாகிறாள். அதற்குப் பிறகு தினமும் அவர் வீட்டு மாடிப்படியில் ஈரக் கால்தடங்கள் தெரிகின்றன. ஒவ்வொரு நாளும் ஒரு படி மேலே ஏறியிருக்கின்றன. முக்கால் மணி நேரப் படம். அதற்கு வாசிக்க நான்கு மாதம் பழகினோம்.

மண்டப மேனேஜர் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "என்னம்மா விசேஷம்?" என்று கேட்டார்.

"பேய்ப்படம் போட்டு வாசிக்கப் போறோம்ண்ணே."

எழுதிக்கொண்டார். "சைவமா, அசைவமா?"

"சாப்பாடு இல்ல. டீ மட்டும்."

"அப்ப டைனிங் ஹாலத் தொறக்கல" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை.

காட்சி ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு. பெரம்பலூர் வெயிலில் மண்டபத்தை எப்படி இருட்டாக்குவது என்பது பெரிய கவலையாக இருந்தது. கிடார்காரன் கடையிலிருந்து பழைய பேனர்களை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தான். ஃபிளெக்ஸின் பின்பக்கம் கறுப்பு. அதை உள்பக்கமாக வைத்து எல்லா ஜன்னலையும் அடைத்தோம். உள்ளே நல்ல இருட்டு. வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு ஜன்னலுக்கு ஜன்னல் மொட்டை போட்ட குழந்தைகளும் கைகூப்பிய தாய்மாமன்களும் தெரிந்தார்கள். அதைப் பார்த்துக் காதுகுத்து என்று நினைத்து ஒரு குடும்பம் மொய்க்கவரோடு உள்ளே வந்துவிட்டது. விஷயத்தைச் சொன்னோம். வந்தது வந்தாச்சு என்று உட்கார்ந்துகொண்டார்கள்.

அப்பாவை நான் வற்புறுத்தவில்லை. சென்னைக்காரர் வந்துபோனதையும் அண்ணன் மறுத்ததையும் முன்பே அவரிடம் சொல்லியிருந்தேன். பிரஷர் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு, டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். காட்சிக்கு முதல் நாள், சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, "எத்தன மணிக்கு?" என்று கேட்டார்.

மண்டபம் நிறையவில்லை, ஆனால் நாற்காலிகள் பாதிக்கு மேல் நிரம்பின. இன்ஜினியரிங் கல்லூரிப் பிள்ளைகள், அண்ணனோடு லாரி ஓட்டுபவர்கள், என் கடையில் மருந்து வாங்குபவர்கள். பஞ்சர் கடைக்காரர் மனைவியோடு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். அப்பா கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தார்.

விளக்கை அணைத்தோம். கிடாரின் முதல் சுரம் எழுந்தபோது நாற்காலிகள் அதிர்ந்தன. ஒரு கல்லூரிப் பெண் நெஞ்சில் கை வைத்துக்கொண்டதை, திரை வெளிச்சத்தில் மேடையிலிருந்தே பார்த்தேன். முதல் இருபது நிமிடம் குடோனில் வாசித்ததைவிட நன்றாக வாசித்தோம். படம் மாடிப்படிக் காட்சிக்கு வந்தது. ஈரக் கால்தடம் ஒவ்வொரு படியாக ஏறும். ஒரு தடத்துக்கு அண்ணனின் ஒரு அடி. நான் பாடத் தொடங்கினேன்:

படிக்கட்டில் ஈரத் தடம்,
துடைத்த கை காயவில்லை...

கரண்ட் போனது.

திரை அணைந்தது. கிடார் அணைந்தது. என் விரல்களுக்கு அடியில் கீபோர்டு வெறும் பிளாஸ்டிக் பலகையாகிவிட்டது. ஜன்னல்களை அவ்வளவு ஒழுங்காக அடைத்திருந்ததால் பக்கத்தில் நிற்பவரே தெரியாத இருட்டு. ஜெனரேட்டர் போடுபவரை மேனேஜர் கூப்பிடுவது வெளியே கேட்டது. அந்த ஆள் மாரியம்மன் கோயிலுக்குக் கூழ் வாங்கப் போயிருந்தார். முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது அடுத்த அடி விழுந்தது.

அண்ணன் நிறுத்தவில்லை. டிரம்ஸுக்குக் கரண்ட் எதற்கு? அடி விழுந்தது. காத்திருந்தோம். மறுபடி விழுந்தது. படம் இல்லாமலே அந்தக் கால்கள் படியேறி வந்துகொண்டிருந்தன. யாரும் போன் விளக்கைப் போடவில்லை. யாரும் எழுந்திருக்கவும் இல்லை. எங்கோ ஒரு குழந்தை சிணுங்கிவிட்டு அடங்கியது. நான் மைக் இல்லாமல் பாட ஆரம்பித்தேன். மண்டபத்தில் என் குரல் கடைசி வரை போனது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரு அடி, ஒரு வரி, ஒரு அடி. அவசரப்பட வேண்டும் என்று ஒருமுறைகூட அண்ணனுக்குத் தோன்றவில்லை. ஏழெட்டு நிமிடம் இருக்கும். அந்த நேரத்தில் இருந்த அளவு பயமும் அழகும் நான் அறிந்த எந்தப் படத்திலும் சேர்ந்திருந்ததில்லை. அதைச் செய்துகொண்டிருந்தது டிப்பர் லாரி ஓட்டும் என் அண்ணன்.

ஜெனரேட்டர் உறுமியதும் திரை விழித்துக்கொண்டது. கிடார்காரன் இருட்டில் கையைத் தந்தி மேலேயே வைத்துக் காத்திருந்திருக்கிறான். அண்ணனின் அடுத்த அடியோடு சேர்ந்து சரியாக உள்ளே வந்தான். கூட்டத்திலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. மீதிப் படத்தை முழுதாக வாசித்து முடித்தோம்.

கைதட்டல் வர ஒரு கணம் ஆனது. வந்த பிறகு நெடுநேரம் ஓயவில்லை. பஞ்சர் கடைக்காரர் மேடைக்கு ஏறிவந்து அண்ணனின் தோளைத் தட்டினார். "இன்னிக்குத்தாம்பா பாட்டு வெளங்குச்சு" என்றார். மொய்க்கவரோடு வந்த குடும்பத்தின் பெரியவர், அடுத்த தடவை எப்போது என்று விசாரித்துவிட்டுப் போனார். கல்லூரிப் பிள்ளைகள் கிடார்காரனைச் சூழ்ந்துகொண்டார்கள். கரண்ட் போனதும் ஏற்பாடுதானே என்று அவர்களில் ஒருவன் கேட்டான். கிடார்காரன் ஆமாம் என்று பொய் சொன்னதை நான் கேட்டேன், திருத்தவில்லை.

அப்பாவைத் தேடினேன். நாற்காலி காலியாக இருந்தது. மண்டபத்துக்கு எதிரே டீக்கடையில் நின்றிருந்தார். நான் வருவதை அவர் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற யாரோ ஒருவர், உள்ளே என்ன சத்தம், என்ன விசேஷம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"படம் போட்டு வாசிச்சாங்க" என்றார் அப்பா. "அடிச்சது எம் மவன். பாடுனது எம் மவ."

நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். என் அப்பா அந்நியர்களிடம் பேசுகிறவர் அல்ல. எங்களைப் பற்றி எங்களிடமே நல்ல வார்த்தை சொன்னவர் அல்ல. அண்ணனும் அதற்குள் என் பின்னால் வந்து நின்றிருந்தார். அவருக்கும் காதில் விழுந்திருக்கிறது. அப்பா திரும்பிப் பார்த்தார். கடைக்காரரிடம் இன்னும் இரண்டு டீ சொன்னார். அண்ணனின் கையை எடுத்து, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். கட்டைவிரலுக்குக் கீழே தோல் உரிந்திருந்தது.

"எரியுதா?"

"இல்லப்பா."

"கரண்ட் போனப்ப நீ ஏன் நிறுத்தல?"

"நிறுத்தணும்னு தோணல" என்றார் அண்ணன்.

அப்பா தலையை ஆட்டிக்கொண்டார். மூன்று பேரும் டீ குடித்தோம். அண்ணன் ஜன்னல் பேனர்களைக் கழற்றத் திரும்பிப் போனார். நான் அப்பாவோடு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். எறையூர் வழியாகப் போகும் பஸ் நின்றிருந்தது, இருவரும் ஏறினோம். ஜன்னலோரம் உட்கார்ந்தவர், பஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போன பிறகு என் பக்கம் சாய்ந்தார்.

"அந்த டாக்டர் பொண்டாட்டி கடைசியில மேல போய்ச் சேந்தாளா?"

"நீங்கதான் முழுசா இருந்தீங்களேப்பா. பாக்கலயா?"

"நான் எங்க படத்தப் பாத்தேன்" என்றார். "அவனத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்."

வீடு போய்ச் சேரும் வரை, அந்தப் படத்தின் கதையை முதலிலிருந்து அவருக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன்.